அவர் சேர்த்த துவக்குகள்

சிலர் முத்திரை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். எனக்கு வாய்த்த மனிதர் துவக்குச் சேர்த்தார். அதுவும் வெள்ளைக்காரன் நூறு வருடத்துக்கு முந்திக் கப்பலில் கொண்டுவந்து, திருகோணமலைக் கோட்டைக்குள் அடுக்கிவைத்து, புதிய மாதிரி வந்ததும் கழித்துவிட்ட, தோளில் வைத்துச் சுடுகிற பட்டாளத் துவக்குகள். கழித்தவை கைமாறிக் கைமாறி வயல்காரரிடம் போயின. பன்றிக்கும் யானைக்கும் வெடிபோட உதவி, அதற்கும் ஏலாமல் போனதும் மாட்டுக்கொட்டில் மூலைகளில் சாத்திக் கிடந்தன. அந்தக் கழிவைத் தேடித்தான் என் கணவர் சனி ஞாயிறுகளில் லோஞ்ச் படகு ஏறி மூதூருக்குப் போய், அங்கிருந்து கிடைத்த வண்டியில் தொற்றி ஈச்சிலம்பற்று வரை அலைவார். கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். இங்கிலிஷ் நன்றாக வரும். ஊரில் மதிப்பு. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வயல்காரர் அவருக்குச் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். யானை வெடி ஒரு கட்டு, ஒரு டோர்ச் லைட், இவ்வளவுதான் பண்டமாற்று. ஒருமுறை என் அப்பா கலியாணத்துக்குத் தந்த சுவர் மணிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது மடியில் ஒரு துவக்கு, பிள்ளையை வைத்திருப்பது போல.

கொண்டுவந்ததும் நாங்கள் சாப்பிடுகிற மேசையில்தான் கழற்றுவார். குழாயைத் தட்டினால் உள்ளே இருந்து குளவி கட்டிய மண் விழும், கரப்பான் முட்டை விழும், ஒருதரம் காய்ந்த பல்லி ஒன்று முழுதாக விழுந்தது. கந்தலை விட்டுத் துடைக்கத் துடைக்கக் கறுப்பாய் ஏதோ வழியும். இறைச்சிக் கொழுப்பு ஊசிப்போன மாதிரி ஒரு வாடை. எனக்கு ஒங்காளம் வரும்.

"கை கழுவினீங்களோ?"

"கழுவினனான், விடும்."

எங்கே கழுவினார்! நகக்கண் எல்லாம் அந்தக் கறுப்பு அப்படியே நிற்கும். அந்தக் கையால்தான் புட்டையும் மீன் குழம்பையும் குழைப்பார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

துவக்குகளைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். சாமிப் படத்துக்கு அறை மூலை, துவக்குக்கு நடுச் சுவர். அவற்றில் ஒன்றின் அடிக்கட்டையில் கத்தியால் வெட்டிய சின்னச் சின்னக் கீறல்கள் வரிசையாக இருந்தன. எந்த நாட்டிலோ எந்தப் பட்டாளத்தானோ தான் சுட்டு விழுத்திய ஆட்களுக்காகப் போட்ட அடையாளமாம். வீட்டுக்கு வருகிறவர்களின் விரலைப் பிடித்து அதில் வைப்பார். "தடவிப் பாருங்கோ, எவ்வளவு நுட்பமா வெட்டியிருக்கிறான்!" பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை தெரியாமல் தடவிவிட்டு, விசயம் அறிந்ததும் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினா. நான் கேட்டேன், செத்தவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே, இதை வைத்துக் கொண்டாட உங்களுக்கு அரியண்டமாக இல்லையா என்று.

"இஞ்சாரும், உமக்கு விளங்காது. இது சரித்திரம்."

சரித்திரமாம். தூ!

எல்லாவற்றையும்விட உயிரை வைத்திருந்தது ஒரு சோடியில். மாட்டினி என்பார்கள், கீழே இருக்கிற பிடியை இழுத்தால் மேலே வாய் திறக்கும் சாதி. இரண்டிலும் ராசமுடி பொறித்திருந்தது, இரண்டிலும் அடுத்தடுத்த இலக்கம். ஒன்றை ஈச்சிலம்பற்றில் எடுத்தார். மற்றதைப் பல வருடம் கழித்துக் கிண்ணியாவில் ஒரு வியாபாரி வீட்டில் கண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இலக்கத்தை வாசித்த அன்று மனிதர் அழுதார். என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத அன்று அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கச்சேரியில், கடையில், கோயிலில், கண்டவர் நின்றவர் எல்லோரிடமும் இந்தச் சோடிக் கதைதான்.

அப்பா போன பிறகு, நான் பிறந்த ஊரான சல்லியில் என் தம்பிக்கு ஒருவரும் இல்லை. அம்மா முன்னமே போய்விட்டா. அதனால் அவன் லிங்கநகருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். படிப்பு முடித்து, ஐஸ் தொழிற்சாலையில் வேலை எடுத்தான். கதை பேச்சுக் குறைந்தவன். அத்தான் என்றால் பக்தி. வேலையால் வந்ததும் குளிர்ந்த கையைக் கொண்டுவந்து என் கழுத்தில் வைத்துச் சிரிப்பான், அவ்வளவுதான் அவனுடைய குறும்பு. எனக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் எனக்கு எல்லாம்.

பிறகு சண்டை தொடங்கியது. துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. அதே கிழமை இயக்கப் பெடியள் வீடு வீடாக வந்து துவக்குக் கேட்டார்கள். ஊரில் இருந்த வேட்டைத் துவக்கு, காவல் துவக்கு எல்லாம் ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேர்ந்தன. எங்கள் வீட்டுக்கு வந்த பெடியளிடம் என் கணவர், "பொலிஸ் வந்து அள்ளிக்கொண்டு போட்டாங்கள் தம்பிமார்" என்றார். பொலிசில் போய், "பெடியள் வந்து பறிச்சுக்கொண்டு போட்டாங்கள் சேர்" என்றார். இரண்டு பக்கத்தையும் பேய்க்காட்டிவிட்டேன் என்று வீட்டில் வந்து இருந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

துவக்குகள் போன இடம் சீலிங். தம்பி படுக்கிற அறையில், அவன் கட்டிலுக்கு நேர் மேலே, ஒரு பலகையைக் கழற்றி உள்ளே அடுக்கினார். அந்த அறையில்தான் கூரை ஒழுகாதாம். ஈரம் படக்கூடாது என்று சுற்றியது எதை என்று நினைக்கிறீர்கள்? என் கூறைச் சேலையை. பட்டு ஈரம் இழுக்காதாம். நான் அலுமாரியைத் திறந்து தேடியபோதுதான் தெரிந்தது. சோடியில் ஒன்றை மட்டும் அதோடு வைக்கவில்லை. குசினிக்குப் பின்னால் விறகுக்குள் சாக்கில் கட்டிச் செருகியிருந்தார். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்ச வேண்டுமாம். மனிதருக்கு இல்லாத முன்யோசனை இரும்புக்கு இருந்தது.

"இஞ்சாருங்கோ, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன். கொண்டுபோய்க் கடலுக்க போடுங்கோ. இல்லாட்டி என்னட்டத் தாங்கோ, நான் போடுறன்."

"விசர்க்கதை கதையாதையும். சுடாத துவக்குக்கு ஆர் பயப்படுவான்? பாத்தாலே தெரியும் பழஞ்சாமான் எண்டு."

"துவக்குக்கு என்ன வயசு எண்டு ஆமிக்காரன் கேக்க மாட்டான். இந்தக் கட்டிலில படுக்கிறவனுக்கு என்ன வயசு எண்டுதான் கேப்பான்."

அந்த நாட்களில் தம்பியின் வயதில் இருப்பதே ஒரு குற்றம். வேலைக்குப் போகும்போது ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற ஒரு சென்றி, வரும்போது ஒரு சென்றி. அடையாள அட்டையை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு போவான். ஒவ்வொரு நாளும் அவன் சைக்கிள் மணி கேட்கும் வரை நான் வாசல் படலையில் நிற்பேன். அப்படிப்பட்டவனின் தலைக்கு மேலே சுமையாய்த் துவக்கை அடுக்கி வைத்துவிட்டு, இவர் இரவில் குறட்டை விட்டார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான். மடி மட்டும் என் தம்பியுடையது.

தம்பியை வேறு அறையில் படுக்கச் சொன்னால், "அத்தான் கோவிப்பார் அக்கா, விடுங்கோ" என்பான்.

அந்த வருடம் நவராத்திரி வந்தது. கடைசி நாள் ஆயுத பூசைக்கு எல்லா வீட்டிலும் போல நானும் என் தையல் மெசினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அரிவாள், தேங்காய் திருவலை, தம்பியின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் வைத்தேன். அவலும் கடலையும் படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், தம்பி கட்டிலில் ஏறி நின்று ஒவ்வொரு துவக்காக இறக்கிக் கொடுக்க, இவர் வாங்கி வாங்கித் தரையில் அடுக்குகிறார். சோடியில் கீழே கிடந்ததையும் விறகுக்குள் இருந்து இழுத்து வந்துவிட்டார். வருடம் முழுவதும் விபூதி பூசாத மனிதர்! அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தார். கீறல் போட்ட அந்தக் கொலைத் துவக்குக்கும் வைத்தார்.

"என்ன கறுமம் இது!" என்று கத்தினேன்.

"ஆயுத பூசைக்கு ஆயுதத்துக்கு வைக்காமல் உம்முடைய தையல் மெசினுக்கு மட்டுமோ வைக்கிறது?" என்றார். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அடுப்புக் கட்டையை எடுத்து இரண்டு பேருக்கும் போட வேண்டும் போல் இருந்தது.

பூசை முடிந்ததும் பொட்டோடே சுற்றிப் பழைய இடங்களில் வைத்தார். பொட்டை அழிக்கக்கூடாதாம், தானாக உதிர வேண்டுமாம். அந்தச் சந்தனம் சரியாகக் காயும் முன் லிங்கநகரில் சுற்றிவளைப்பு வந்தது.

காலை வெயில் ஏறிய நேரம். ஆண்களை எல்லாம் சந்திக்குக் கூப்பிட்டார்கள். என் கணவரும் தம்பியும் போனார்கள். பெண்கள் வீட்டு வாசலில் நிற்க, ஆமிக்காரர் உள்ளே புகுந்து தேடினார்கள். தம்பியின் அறைக்குள் போன ஒருவன் சப்பாத்தோடு கட்டிலில் ஏறினான். பூசையன்று அவசரத்தில் பலகையைச் சரியாகப் பொருத்தவில்லை, ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. துவக்கு முனையால் ஒரு குத்து. என் கூறைச் சேலையின் தலைப்பு வெளியே தொங்கியது. அடுத்து எல்லாம் தடதடவென்று கட்டிலில் விழுந்தன.

அவன் போட்ட சத்தத்தில் தெருவில் நின்ற ஆமிக்காரர் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். யாருடைய கட்டில் என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. சுவரில் ஐஸ் தொழிற்சாலைச் சேட்டும் தம்பியின் படமும் தொங்கின. படத்தைக் கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பியை இழுத்து வந்து, அவனுடைய சேட்டைக் கழற்றிக் கைகளைப் பின்னால் கட்டி, எங்கள் படலைக்கு வெளியே வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். காதோடு சேர்த்து ஒருவன் அறைந்தான். தம்பி விழுந்தான். திரும்ப இருத்தினார்கள், திரும்ப அறைந்தார்கள்.

பிறகு அவர்களின் அதிகாரி வந்தான். காதோரம் நரைத்த, நகம் வெட்டித் துப்புரவான மனிதன். கட்டிலில் கிடந்ததைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். கோயிலுக்குள் வந்தவன் மாதிரி. ஒரு துவக்கை எடுத்துப் பிடியை இழுத்துத் திறந்து, வெளிச்சத்துக்குப் பிடித்துக் குழாய்க்குள் பார்த்தான். இது யாருடைய சேர்க்கை என்று இங்கிலிஷில் கேட்டான். சந்தியில் வயதானவர்களோடு நிழலில் இருந்த என் கணவரைக் கூட்டி வந்தார்கள்.

"என்னுடையது, சேர்" என்றார். தம்பியைக் காப்பாற்றச் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன், உயிர் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகிறவனின் முகம்.

எனக்கு இங்கிலிஷ் பேச வராது, கேட்டால் விளங்கும். பிறகு அவர்கள் கதைத்தது முழுக்கத் துவக்கு. எந்தக் கப்பலில் வந்திருக்கும், எந்தப் பட்டாளம் பிடித்திருக்கும், இந்த மாதிரிக்கு முந்திய மாதிரி எது. இரண்டு பேரும் மேசையில் எதிர் எதிரே கதிரை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார்கள். "தேத்தண்ணி போடும்" என்று எனக்குக் கட்டளை. போட்டேன். என்ன செய்ய, தம்பி படலையில் இருந்தான். ஜன்னலால் பார்த்தால் அவன் முதுகு தெரிந்தது, காதால் இரத்தம் வழிந்து தோளில் காய்ந்திருந்தது. உள்ளே இவர்கள் கீறல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதற்கு அடுத்த இலக்கமும் என்னிடம்..." என்று மாட்டினியைத் தூக்கிக் காட்டி என் கணவர் தொடங்கிவிட்டார். பிறகு நாக்கைக் கடித்தார். "முன்னொரு காலம் இருந்தது" என்று முடித்தார். அதிகாரி சிரித்தான்.

தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டு அவன் சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். பழம்பொருள் என்றீர்கள், இது புதிதாக இருக்கிறதே என்று கேட்டான்.

"அது எங்கள் வழக்கம் சேர், பூசை."

"தெரியும். லொறிக்குப் பூசுவீர்கள், தராசுக்குப் பூசுவீர்கள். எல்லாம் பாவிக்கிற சாமான். பாவிக்காத சாமானுக்கு யார் பூசை செய்வார்கள்?" என்றான். பிறகு, உங்களைப் போன்ற ஒரு கனவான் சுடப்போவதில்லை, கட்டில் யாருடையது என்று கேட்டான்.

"மைத்துனருடையது" என்றார். கச்சேரியில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல.

நான் பாய்ந்தேன். "இவர்தான் வைச்சவர்! அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது! இவரைக் கேளுங்கோ!" என்று கணவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினேன். அதிகாரிக்குத் தமிழ் விளங்கவில்லை. இவ என்ன சொல்கிறா என்று என் கணவரைக் கேட்டான்.

"மனதுக்குக் கஷ்டமாம், சேர்" என்றார் என் கணவர்.

தம்பியையும் துவக்குகளையும் ஒரே ட்ரக்கில் ஏற்றினார்கள். துவக்குகளுக்கு என் சேலையைக் கீழே விரித்தார்கள். தம்பியை வெறும் தகரத்தில் போட்டார்கள்.

அடுத்த நாள் முதல் காம்ப் வாசலில் நின்றேன். என்னைப் போல் நிறையப் பெண்கள் நின்றார்கள். கொண்டுபோன சோற்றை வாங்கமாட்டார்கள். "ஹெட்ட எண்ட" என்பான் வாசலில் நிற்பவன், நாளைக்கு வா என்று. வீட்டுக்கு வந்தால் இவர் வெறும் சுவரைப் பார்த்தபடி சாய்மனைக் கதிரையில் கிடப்பார். துக்க வீடு மாதிரி. ஊரார் வந்து, "மைத்துனரை நினைச்சு மனிசன் உடைஞ்சு போனார்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இருந்திருந்துவிட்டு அவர் சொல்வது என் காதில் மட்டும் விழும்: "அந்த ஈரக் காம்புக்க அதுகளை எங்க போட்டானோ."

ஒரு மத்தியானம் அந்த அதிகாரி தனி ஜீப்பில் வந்தான். காவலுக்கு ஒருவன் மட்டும். அதே கதிரையில் இருந்தான். விசாரணை முடிகிற மாதிரித்தான் இருக்கிறது, பையனை விடலாம் என்றான். பிறகு, அந்த மாட்டினியின் அடுத்த இலக்கம் எங்கே என்று கேட்டான். சோடியாக இருந்தால்தானே அழகு என்றான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். இவ்வளவுதானா? ஒரு இரும்புக்குத் தம்பி வருவானா? சொல்லுங்கோ, வாயைத் திறந்து சொல்லுங்கோ என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"ஆற்றில் போட்டுவிட்டேன், சேர்" என்றார்.

தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். அந்த யோசிப்பை நான் கண்ணால் கண்டேன். ஒரு தட்டில் என் தம்பியையும் மற்றத் தட்டில் அந்தச் சனியனையும் வைத்து நிறுத்துப் பார்த்தார். எத்தனையோ அசிங்கத்தை அந்தக் காலத்தில் பார்த்தேன். தெருவில் நாய் பிணத்தை இழுத்துத் திரிந்ததைப் பார்த்தேன். அதுகூட எனக்கு இவ்வளவு குமட்டவில்லை.

குசினியால் பின்னுக்குப் போனேன். விறகை இழுத்து எறிந்தேன், கையெல்லாம் சிராய். சாக்கோடு தூக்கி வந்து அந்த அதிகாரியின் முன்னால் மேசையில் போட்டேன்.

"மெதுவா! அடிக்கட்டை வெடிக்கும்!" என்று என் கணவர் கத்திக்கொண்டு எழும்பினார்.

அதிகாரி சாக்கை அவிழ்த்து இலக்கத்தை வாசித்தான். அவனும் இவரைப் போலத்தான் சிரித்தான், நகம் மட்டும் துப்புரவு. சண்டையில் எதிர் எதிரே நின்றாலும் இரண்டும் ஒரே சாதி என்று எனக்கு அன்று விளங்கியது.

மறுநாள் தம்பி வந்தான். நடந்தே வந்தான். முகம் ஒரு பக்கம் வீங்கி, விரல்களை மடக்க ஏலாமல், யாரோ பெருத்த ஒருவனின் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கட்டிப்பிடிக்கப் பயமாக இருந்தது, எங்கே தொட்டாலும் நோகும். இடப் பக்கமாக நின்று, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து நின்ற பிறகுதான், "அக்கா, அந்தக் காது கேக்குதில்லை" என்றான்.

குசினியில் இருத்திக் கஞ்சி பருக்கினேன். கரண்டியால் நான்தான் பருக்கினேன். அப்போது என் கணவர் வந்து குசினி வாசலில் நின்றார். தயங்கித் தயங்கி உள்ளே வந்து, தம்பிக்கு இடப் பக்கமாகக் குந்தினார். கண் கலங்கியிருந்தது. கடவுளே, இப்பவாவது ஒரு சொல் கேட்கப் போகிறார் என்று நானும் கரண்டியை நிறுத்தினேன்.

"தம்பி, அந்த அதிகாரியின்ர கந்தோருக்குள்ள உம்மைக் கொண்டுபோனவையே? அந்த மாட்டினி ரெண்டும் சுவரில சோடியாவோ மாட்டியிருக்கு?"

தம்பி அசையாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு அந்தக் காது கேக்காது" என்றேன். "மற்றப் பக்கம் வந்து கேளுங்கோ."

அந்த மனிதர் எழும்பி, அவனைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் வந்து, குந்தி இருந்து கேட்டார்.